கடைசிப் பாட்டில் கேட்கும் தட்டல்

ஐயா,

அன்று யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். குருவியின் அம்மா சோபா ஓரத்தில், மகனுடைய கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு. இசைத்தட்டுக் கடைக்காரர் பிளேயருக்குப் பக்கத்தில். டிரம்ஸ் தம்பி தரையில், சுவரில் சாய்ந்து. நான் வாசலோரம் ஸ்டூலில். இறந்துபோன பாடகனைத்தான் குருவி என்கிறேன். குரல் மெலிசு என்பதால் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அவனும் அவன் நண்பனான டிரம்ஸ் தம்பியும் சேர்ந்ததுதான் 'ஈரச் சுவர்' என்ற இண்டி ராக் குழு. அவன் போன பிறகு கடைக்காரர் வெளியிட்ட மூன்றாவது ஆல்பத்தைக் கேட்கத்தான் கூடியிருந்தோம்.

நான் ஹீட்டர் மெக்கானிக். குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஆல்பம் வாங்குவேன். கேட்டு முடித்ததும் அந்தந்தக் குழுவுக்கு என் கருத்தைக் கடிதமாக எழுதிப் போடுவேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி முதலில் நிறை, பிறகு குறை.

சமீபத்தில் வாங்கியதில் 'தாமத ரயில்' குழுவின் ஆல்பம் மோசமில்லை. கிடார் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வருகிறது. பாடகி நம்மிடம் கோபித்துக்கொண்டு பக்கத்து அறையில் போய்ப் பாடுவது போல இருக்கிறது. 'மூன்றாம் மாடி' குழு எதிரொலியை அள்ளிக் கொட்டியிருக்கிறது. குளியலறைக்குள் பொதுக்கூட்டம் நடத்திய மாதிரி. இரண்டுக்கும் ஒரே குறை. கடைசி மீட்டல் அடங்குவதற்குள் வெட்டிவிடுகிறார்கள். கம்பி அதிர்ந்து, தேய்ந்து, இருக்கிறதா போய்விட்டதா என்று நாம் காதைத் தீட்டுகிற இடத்தில்தான் ஐயா ஒரு பாட்டு முடிகிறது. அதற்கு முன்னால் வெட்டுவது மரியாதை இல்லை.

குருவி வெட்டமாட்டான். அவனிடம் இருந்த குறை வேறு. வீட்டுப் பின்னறையில்தான் பதிவு செய்வார்கள். குளிருக்கு அறையைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டரின் புகையை வெளியே தள்ளும் ஃபேன், இரண்டாவது ஆல்பம் முழுக்க இரைந்துகொண்டிருந்தது. எழுதினேன். உடனே என்னைக் கூப்பிட்டுவிட்டான்.

"ஹீட்டர் அண்ணே, இந்த ஃபேன் வாயைக் கொஞ்சம் அடக்குங்களேன். பாடுறது நானா அதுவான்னே தெரியல."

"விடுங்கண்ணே, இவனுக்கு அது எவ்வளவோ தேவல," என்றான் தம்பி. "சுதியாவது விலகாது."

ஃபேனை நிறுத்தினால் விஷப்புகை அறையிலேயே தங்கிவிடும், கூடவே கூடாது என்று சரியாகத்தான் சொன்னேன். தம்பி உங்களிடமும் அதைச் சொல்லியிருப்பான். அதனால்தான் நீங்கள் என்னைச் சந்தேகிக்கவில்லை.

மறுநாள் காலை தம்பி இல்லாத நேரம் போனேன். ஃபேன் இணைப்பைக் கழற்றினேன். குழாய்க்குள் கம்பளியைத் திணித்தேன். தெருச் சத்தம் வராமல் இருக்கக் கதவைச் சுற்றிலும் பஞ்சுப் பட்டை ஒட்டினேன். "ஒண்ணும் ஆகாதில்லண்ணே?" என்றான் குருவி. "வேற வழி பண்ணிட்டேன். தைரியமா பத்தவை," என்றேன். உண்மையைச் சொன்னால் ஹீட்டரை அணைத்துவிடுவான். குளிரில் விரல் மரத்துப்போகும். மரத்த விரலால், மூன்றாவது ஆல்பத்தில் பாக்கி இருந்த அந்தக் கடைசிப் பாட்டை வாசிக்க முடியாது.

இனி நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன். கடைசிப் பாட்டில் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்து, தூக்கம் வந்தவன் போலப் பாடுகிறான். அவன் பாடியதிலேயே அதுதான் உச்சம் என்பது என் கருத்து. கிடார் ஓய்ந்த பிறகு மொத்தென்று ஒரு தட்டல். பிறகு இன்னும் சில.

அம்மா நிமிர்ந்தார். "மேளம் அடிக்கிறது யாரு?"

"நான் இல்லம்மா. அப்ப நான் கிடாருக்குக் கம்பி வாங்கப் போயிருந்தேன்."

"நீ இல்லாம பேயா வந்து அடிச்சிச்சு?"

"தம்பி, உன் பெரிய டிரம் சத்தம் எனக்குத் தெரியாதா?" என்றார் கடைக்காரர்.

"சத்தியமா இல்லண்ணே! ஹீட்டர் அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. நான் இப்படித் தாளம் கெட்டு அடிப்பனா?"

அடிக்கமாட்டான். நான் தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.

"என் பிள்ளை மூச்சுத் திணறும்போது பக்கத்திலயே இருந்திருக்க," என்றார் அம்மா. "இனிமே என்னை அம்மான்னு கூப்பிடாத."

அடுத்த நாள் அவனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஃபேனைக் கழற்றியது அவன், உள்ளே இருந்து வேடிக்கை பார்த்ததும் அவன் என்கிறீர்கள். பாவம், கொலைக் குற்றம். அந்தக் கைகள் உங்கள் லாக்கப்பில் சும்மா கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

அது டிரம் இல்லை ஐயா. கதவு. பஞ்சுப் பட்டை ஒட்டியதால் உள்ளே அடித்தால் அப்படித்தான் மொத்தென்று கேட்கும். வேலை சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, பட்டை ஒட்டிய அன்று மதியமே மறுபடி போயிருந்தேன். கதவுக்கு வெளியே நின்றேன். பாட்டு முடிந்தது, கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது, அவன் தட்டினான். கைப்பிடி என் கையில் இருந்தது. இழுத்துப் பிடித்தேன் என்று எழுதமாட்டேன், பிடித்திருந்தேன். பதிவு நடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது அவர்களே போட்ட விதி. "அண்ணே" என்று ஒருமுறை, மைக்குக்கு எட்டாத குரலில், கதவோடு வாய் வைத்துக் கூப்பிட்டான். நான் நிற்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை. கம்பி முழுதாக அடங்கியது. தட்டலும் நின்றது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவசரப்பட்டு வெட்டிவிடக் கூடாதே.

தம்பியை விட்டுவிடுங்கள். மறுபதிப்பில் அந்தத் தட்டலை எடுத்துவிடும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள், பாட்டோடு ஒட்டவில்லை. உறையில் தபால் தலை ஒட்டி வைத்துவிட்டேன். காலைத் தபாலில் போய்விடும். பின்பக்கம் என் விலாசம் இருக்கிறது, வீட்டில்தான் இருப்பேன். ஆல்பத்தின் அட்டையில் மட்டும் என் பெயரைப் போட வேண்டாம். அது முழுக்க முழுக்க குருவியின் உழைப்பு. நான் கூடமாட ஒத்தாசை செய்தவன், அவ்வளவுதான்.