வரிசைப்படி

பழைய வண்டி கிளம்பவில்லை என்றால் உடனே பானட்டைத் திறக்கக் கூடாது. சாவியைத் திருப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் ஒரு கோளாறு. டக்கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால் வேறு கோளாறு. பெரும்பாலானவர்கள் இந்தச் சத்தத்தைக் கவனிப்பதில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பீர் மைதீன் பாய் அதிகம் பேச மாட்டார். கோட்டுச்சேரியில் என் ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்கு மூன்று வீடு தள்ளி அவர் வீடு. இருபத்தெட்டு வருடம் துபாயில் கிரேன் ஓட்டிவிட்டு வந்தவர். அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததில் வந்த பழக்கமாக இருக்கலாம். தினமும் காலை பத்து மணிக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் வேலை செய்வேன், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து போவார்.

எப்போதாவது சீண்டுவார். "ஏண்டா முத்தையா, பேட்டரிக்கு மட்டுந்தான் சார்ஜ் போடுவியா? ஒன் வாய்க்கும் ஒரு நாளைக்குப் போட்டு வையேன்."

"மொதல்ல ஒங்களுக்குப் போடுறேன் பாய். அதுதான் ரொம்ப வீக்கா இருக்கு."

சிரிப்போம். பிறகு ஒரு மணி நேரம் பேச்சே இருக்காது. எனக்கு வீட்டில் யாரும் இல்லை. அந்த இரண்டு மணி நேரந்தான் எனக்கு வீடு.

அவரிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது வாங்கியது. போன ஆடியில் ஒரு நாள் சொன்னார். "அஃப்ரா கூப்புட்டுக்கிட்டே இருக்குப்பா. மெட்ராஸுக்கே போயிடலாம்னு இருக்கோம். இந்த வண்டியிலதான் போவணும். நடு வழியில நிக்காதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, மறுநாளே கெளம்பிடுறேன்." அஃப்ரா அவருடைய ஒரே மகள்.

நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் இருந்தேன். ஆனால் ஓடுகிற வண்டியை ஓடாது என்று எவ்வளவு நாள் சொல்ல முடியும்?

எஞ்சினையும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை ஒன்று உண்டு. பேட்டரி புதிதாக இருக்கலாம், எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் நன்றாக இருக்கலாம். கரண்ட் திரும்பிப் போக வழி இல்லையென்றால் வண்டி டக்கென்று நின்றுவிடும். அந்தப் பட்டையைக் கழற்றி, போல்ட்டுக்கு அடியில் பழைய பல் பிரஷால் உப்புத் தண்ணீரைத் தடவித் திரும்ப முடுக்கினேன். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் பச்சை பூத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வண்டி நிற்கும். நான் சரி செய்வேன், அவர் பாங்குக்கு எழுந்து போன பிறகு மறுபடி தடவுவேன். ஒவ்வொரு முறையும் அவரிடம் வேறு காரணம் சொன்னேன்: டெர்மினல், ரிலே, செல்ஃப் மோட்டார். எர்த் என்ற சொல்லை மட்டும் அவர் முன்னால் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை.

"எல்லாம் உப்புக் காத்து பாய்," என்பேன். கடலோர ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அவர் மனைவி ஆரிபா அக்காதான் சலித்துக்கொள்வார். "ட்ரெயின்ல போவோம்னா கேக்குறாங்களா? வண்டியக் கட்டிக்கிட்டு அழுவுறாங்க. அதுக்கு நீயும் கூட்டு."

இப்படி ஏழு மாதம். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நேரம். தெருவில் ஆண்கள் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டும் காலி. அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"தம்பி, அவுங்களுக்கு நெஞ்சு வலிக்குது. வேத்துக் கொட்டுது. ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆவுங்குறாங்க. வண்டிய எடு தம்பி."

இருவரும் தாங்கிப் பிடித்து அவரைப் பின் சீட்டில் சாய்த்தோம். சாவியைத் திருப்பினேன். டக்.

கடையிலிருந்து எடுத்து வந்த ஜம்பர் கேபிள் என் தோளில் கிடந்தது. பேட்டரியின் மைனஸிலிருந்து நேராக எஞ்சினுக்கு ஒரு கேபிளை மாட்டினால், எர்த் பட்டை கெட்டிருந்தாலும் வண்டி கிளம்பிவிடும். ஒரு நிமிட வேலை. ஆனால் நேராகப் போய்க் கோளாறில் கை வைப்பவன், அது எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்தவன். அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் வரிசைப்படி பார்த்தேன். டெர்மினல்களைக் கழற்றித் தேய்த்து மாட்டினேன். பேட்டரியில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. ரிலே வயரைப் பிடுங்கிச் செருகினேன்.

"தள்ளிப் பாப்பமா தம்பி?"

"ரெண்டு பேரால ஆவாதுக்கா. மணல்ல நிக்குது."

செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். டக். அப்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. தெளிவாகத்தான் இருந்தது.

"முத்தையா. எர்த்தப் பாருப்பா."

கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன.

"வரிசையாத்தான் பாய் பாக்கணும்," என்றேன்.

நான் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினான்கு நிமிடம் கழித்துக் கேபிளை மாட்டினேன். அரைச் சுற்றில் எஞ்சின் பிடித்தது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பத்து நிமிடம் முன்னால் வந்திருக்கலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவரை அடக்கம் செய்த இடம் இங்கிருந்து நடக்கிற தூரந்தான்.

அவர் சொன்னதைப் பல நாள் யோசித்தேன். நான் சொல்லாத சொல் அவருக்கு எப்படித் தெரியும்? பார்த்திருக்கிறார். பார்த்தும் மறுநாள் பத்து மணிக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார். அப்படியென்றால் அவருக்கும் இந்த ஊரைவிட்டுப் போக மனமில்லை. மகளிடம் சொல்ல முடியாததை வண்டி சொல்லட்டும் என்று இருந்திருக்கிறார். இருவருக்கும் வேண்டியதைத்தான் நான் செய்தேன் என்பது புரிந்தபோது மனம் அமைதியானது.

நேற்றுப் பத்து மணிக்கு ஆரிபா அக்கா கடைக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அவரிடமும் அந்தப் பழக்கம் இருப்பதை நான் இத்தனை நாள் கவனித்ததில்லை.

"அவுங்க ஆசப்பட்ட மாதிரி அந்த வண்டியிலயே நான் போறேன் தம்பி. அஃப்ரா டிரைவர் அனுப்புது. வர்ற புதன்கெழமை. ஒரு தடவ நல்லாப் பாத்து வெச்சிடு."

அவர் குரலை வைத்துச் சொல்கிறேன், அவருக்கும் போக மனமில்லை.

இன்று காலை பல் பிரஷை எடுத்துக்கொண்டு போய் வண்டியைப் பார்த்து வைத்துவிட்டேன்.