இன்னும் கொஞ்சம் பின்னால் வரலாம்

காபி கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கும், தம்பி. வடக்கே பனி கொட்டும் எங்கள் டகோட்டாவில் அப்படித்தான் போடுவோம். ஆறு பேருக்கான தூளில் ஊரே குடிக்கும், ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நாங்கள் குடியிருக்கும் கேரவன் வண்டி ஓடைக்குள் கிடப்பதால் பக்கத்துக்காரி பெர்னிஸின் அடுப்பில் போட்டேன். போலீஸ் வேலையாக வந்திருக்கிறீர்கள், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நான் ஒளிக்கிற ஆள் இல்லை.

பெயர் ஆர்லீஸ். கணவர் டுவேன். அவர் ஓய்வு பெற்றதிலிருந்து பனிக்காலம் தொடங்கினால் இந்த அரிசோனாப் பாலைவனத்துக்கு வந்துவிடுகிறோம். அவர் ஓட்டுவார். நிறுத்தும்போது நான் பின்னால் நின்று கை காட்டுவேன். இங்கே யார் வண்டியைப் பின்னுக்கு எடுத்தாலும் அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சினிமா கெட்டது போங்கள். முடிந்ததும் காகிதத் தட்டில் மதிப்பெண் எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். ஒரே விதி, கை காட்டுவது ஒருவர்தான். மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு பேர் கை காட்டினால் வண்டியும் கெடும், குடித்தனமும் கெடும்.

இந்த வருடம் டுவேன் ஒரு முடிவோடு வந்தார்.

"ஊர் வீட்ட வித்துடலாம் ஆர்லீஸ். வருஷம் பூரா வண்டியிலேயே இருந்துக்கலாம். உன்ன ராணி மாதிரி வச்சுக்கிறேன், பாரு."

"யோசிக்க வேண்டிய விஷயந்தான்" என்றேன். என்னைக் கொன்று புதைத்துவிட்டு விற்றுக்கொள் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவரும் அதே ஊர்க்காரர், புரிந்திருக்க வேண்டும்.

அவர் நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர் தொண்டையைச் செருமினாலும் சத்தம் கேட்கத்தானே செய்கிறது? வண்டிக்குள் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அவர் ரொட்டி மெல்லுவது என் காதுக்குள்ளேயே கேட்கிறது. ஊர் வீட்டில் எனக்கென்று ஒரு சமையலறை இருக்கிறது. அதற்கு ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவை நினைத்துக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், தம்பி. தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிடுமே என்று அதையும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

வீட்டை வாங்குகிறவர் நாளை பேசுவதாக இருந்தது. பத்திரத்தை நீட்டியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். நீட்டிய பிறகு மறுப்பது மரியாதை இல்லை.

எங்கள் இடத்துக்குப் பின்னால் வறண்ட ஓடை. கரைக்கு முன்னால், இதைத் தாண்டாதே என்று வெள்ளையடித்த கற்களை வரிசையாக வைத்திருப்பார்கள். டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். வெறுங்கையோடு நடப்பானேன் என்று போகும்போதெல்லாம் ஒரு கல்லைக் கரை விளிம்புக்குத் தள்ளி வைத்தேன். இடுப்பு வலி கூடக் குறைந்திருக்கிறது.

வண்டியின் பின்பக்கக் கேமராவைக் கேட்கிறீர்களா? இந்தக் காற்றில் எல்லாம் வறண்டு போகிறது. உதட்டுக்குப் போடும் களிம்பை அதன் கண்ணாடியிலும் கொஞ்சம் தடவினேன்.

இன்று காலை, கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிட்டு வருகிறேன் என்று டுவேன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதற்கு முன்பு நாயை இறக்கினேன். அம்மா கொடுத்த பீங்கான் தட்டு, தையல் மெஷின், குளிருக்குப் போர்த்தும் ஒட்டுப்போர்வை எல்லாவற்றையும் இறக்கினேன்.

"என்னடி இது, குடி மாத்துறியா?" என்றாள் பெர்னிஸ்.

"தூசி தட்டணும்" என்றேன்.

டுவேனை இறக்கவில்லை. ஓட்ட ஒருவர் வேண்டுமே.

மதியம் அவர் திரும்பி வந்தபோது நாற்காலிகள் நிறைந்துவிட்டன. நான் பின்னால் போய் நின்று, வாங்க வாங்க என்று கையை அசைத்தேன். வந்தார். வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியபோது பெர்னிஸின் கணவர் ஹார்லன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"ஏய், ஓடை!"

"உக்காருங்க நீங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள் பெர்னிஸ். "அவ கை காட்டுறப்ப நடுவுல பேசலாமா? மானம் போகுது."

அவர் உட்கார்ந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் வரலாம் என்று காட்டினேன். பின்சக்கரம் கரையை விட்டதும் வண்டி மெதுவாக, பெரிய மனுஷி சோபாவில் அமர்வது போல, உள்ளே போய் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் ஒரே புழுதி. பழக்கதோஷத்தில் யாரோ ஏழு என்று தட்டைத் தூக்கினார்கள்.

பெர்னிஸ்தான் என் மூட்டைகளையும் ஓடையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தியேடி, பாவி!" என்றாள். உங்களுக்குப் போன் செய்ததும் அவள்தான். தப்பில்லை, அவள் கடமை.

தோள்பட்டை எலும்பு ஒடிந்ததோடு டுவேன் தப்பித்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரில் கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்க ஆர்லீஸ். நீ சரியாத்தான் காட்டிருப்ப. நாந்தான் சரியாப் பாக்கல."

"பரவால்ல, விடுங்க" என்றேன்.

"ஒண்ணு சொல்லட்டா? எனக்கு இந்த வெயிலே ஆகல. ஊர்ல இருக்கிற என் பட்டறை நெனப்பாவே இருக்கு. உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா எவ்வளவு நிம்மதி! நீ தெனம் சாயங்காலம் 'என்ன அருமையான வெயில்'னு சொல்றியா, உனக்காகத்தான் வீட்ட விக்கலாம்னேன்."

வெயிலைப் பற்றி வேறு என்ன சொல்வது, தம்பி? எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

ஆமாம், தெரிந்தேதான் கை காட்டினேன். கல்லை நகர்த்தியது நான், களிம்பு பூசியது நான். அவர் உள்ளே இருப்பது தெரிந்தும் இன்னும் கொஞ்சம் வாங்க என்றதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டை விற்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சின்னப் பிள்ளை நீங்கள், உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் மனம் நோக நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்னால் தாங்க மாட்டார்.