இருபத்தைந்து டிகிரியில் அறுபது கிலோவாட்

எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது, ஐயா. பத்து நிமிடம் உட்கார்ந்தால் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். அந்த ஏப்ரல் நாளில் கானோ நகரமே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மர நிழல் தேடிக்கொண்டிருந்தது. நான் மட்டும் கம்பளிச் சட்டையும் குல்லாயுமாக, மகப்பேறு மருத்துவமனையின் ஜெனரேட்டர் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

என் பெயர் லவ்வாலி. அரசுக் கட்டடங்களுக்கு இயந்திரம் வாங்கும் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக ஒப்பந்தம் எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜெனரேட்டர் வாங்கினோம். அதன் மேல் பதித்த தகட்டில் அறுபது கிலோவாட் என்று போட்டிருந்தது. ஓடவிட்டால் ஐம்பதைத் தாண்டவில்லை. "தகட்டுல இருக்கறது இருபத்தஞ்சு டிகிரிக்கான கணக்கு, மல்லம். உங்க ஊரு அடுப்பு மாதிரி இருக்கு, நான் என்ன பண்றது?" என்றான் விற்றவன். நான் ஒப்பந்தத்தில் 'அறுபது' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். எந்த வெப்பத்தில், எத்தனை மணி நேரம் என்று எழுதவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குத் 'தகட்டு மல்லம்', அதாவது தகட்டு வாத்தியார், என்று பெயர். டீக்கடைக்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே இந்த மருத்துவமனைக்கு எழுதும்போது ஓட்டையே வைக்கவில்லை. சிசுக்களின் மூச்சு மெஷினுக்கு மின்சாரம் நிற்கக்கூடாது என்றுதான் இதை வாங்கினார்கள். 'குறித்த திறன் என்பது, அறையின் வெப்பம் இருபத்தைந்து டிகிரியாக இருக்கையில், பன்னிரண்டு மணி நேரம் இடைவிடாமல், கூடாமலும் குறையாமலும் தரப்படும் அறுபது கிலோவாட்.' நாலு பக்கம் எழுதி, இந்த ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தேன்.

விற்கும் கம்பெனியின் இன்ஜினியர் ஓயேகன்மி நல்ல மனிதர். "நாப்பத்தஞ்சு டிகிரின்னு மாத்துங்க, மல்லம். அதே விலைக்குப் பெரிய மெஷினா தர்றேன். உங்க ஊர்ல இருபத்தஞ்ச நீங்க எங்க போய்ப் பாப்பீங்க?" என்றார். நான் மறுத்துவிட்டேன். எல்லாப் புத்தகத்திலும் இருபத்தைந்துதான் இருக்கிறது.

வெளியே நாற்பத்து மூன்று. அறைக்குள் இருபத்தைந்து வேண்டும் என்றால் குளிரூட்டத்தானே வேண்டும்? நாலு சுவரிலும் ஏசி மாட்டினோம். முதலில் பன்னிரண்டு, பிறகு இருபது. இன்ஜின் ஓடினால் அதன் சூடு வேறு. முப்பத்தாறாவது ஏசியில் வெப்பமானியின் முள் இருபத்தைந்தில் நின்றது. சோதனைக்கு அறுபது கிலோவாட் சுமை வேண்டுமே என்று யோசித்தால், அந்த ஏசிகளும் விசிறிகளும் சேர்ந்தே சரியாக அறுபதை இழுத்தன. அன்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஓயேகன்மி சிரித்தார். "தன் சோத்தத் தானே சமைச்சுத் தானே சாப்பிடுது, மல்லம். நோயாளிக்கு எப்போ பரிமாறுவீங்க?"

"சோதனை முடியட்டும்" என்றேன். சோதனை தேறாத இயந்திரம் இன்னும் நம்முடையது ஆகவில்லை. அதில் யாரையும் மாட்ட எனக்கு அதிகாரம் கிடையாது.

காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். மதியம் இரண்டு மணிக்கு ஊரில் கரண்ட் போனது. அது தினமும் போவதுதான். பத்து நிமிடத்தில் தலைமைச் செவிலி ஹாஜியா அசாபே வந்தார். முகமெல்லாம் வியர்வை. உள்ளே வந்ததும் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"மூணு நாள் குழந்தை ஒண்ணு மெஷின்ல இருக்கு, மல்லம். அதுக்கு மட்டும் ஒரு ஒயர் குடுங்க. அயர்ன் பாக்ஸ் இழுக்கற அளவுகூட இழுக்காது."

நான் பொறுமையாகவே விளக்கினேன். அதைச் சேர்த்தால் சுமை அறுபதைத் தாண்டும். ஒரு ஏசியை நிறுத்தினால் வெப்பம் இருபத்தாறாகும். எப்படிச் செய்தாலும் ஓடிய எட்டு மணி நேரம் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"தொடங்குங்களேன்" என்றார்.

"ஹாஜியா, இன்னும் நாலே மணி நேரம்தான்."

ஓயேகன்மி எழுந்து, "சாவியக் குடுங்க, மல்லம். தேறலைன்னே எழுதிக்கங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். சுவிட்ச் பெட்டியின் சாவி என் கம்பளிச் சட்டைப் பையில் இருந்தது. தேறாவிட்டால் டீக்கடைக்காரன் என்ன சொல்வான் என்று எனக்கு உடனே தோன்றியது. இதை நான் மறைக்கவில்லை. சாவியைக் கொடுக்கவில்லை.

செவிலிகள் கையால் காற்றுப் பையை அழுத்திக் குழந்தைக்கு மூச்சுக் கொடுத்தார்களாம். ஓயேகன்மியும் ஓடிப்போய் முறை வைத்து அழுத்தினாராம். குழந்தை நாலே முக்காலுக்குப் போய்விட்டது. ஐந்து பத்துக்குக் கரண்ட் வந்தது. தெருப் பிள்ளைகள் வழக்கம்போல ஓவென்று கத்தினார்கள். நான் முள்ளைப் பார்த்தேன், இருபத்தைந்து. ஆறு மணிக்கு 'தேறியது' என்று கையெழுத்திட்டேன். பதினெட்டு வருடத்தில் நான் போட்ட மிகச் சுத்தமான கையெழுத்து அது.

குழந்தையின் தகப்பன் பெயர்சூட்டும் நாளுக்காக வாங்கிக் கட்டிய ஆடு இன்னும் அவர் வாசலில் நிற்பதாகக் கேள்விப்பட்டேன். கேட்டபோது மனசு கனத்தது. நான் கல் இல்லை, ஐயா.

இப்போது இந்த வாக்குமூலத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். சாவி என்னிடம் இருந்தது, கேட்டார்கள், கொடுக்கவில்லை, அதனால் ஓர் உயிர் போனது. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இறந்தவர் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது. எங்களில் ஏழாம் நாள்தான் பெயர் வைப்போம். அதற்கு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பெயரை நிரப்பிக் கொண்டுவாருங்கள், உடனே போட்டுவிடுகிறேன். காலியிடம் விட்ட தாளில் ஒருமுறை கையெழுத்துப் போட்டுத்தான் இத்தனை அவமானமும் பட்டேன்.