வெள்ளிக்கிழமை துடைத்த சீடி

— செல்வப்பிரியாக்கா, இதைத் திருநீறு போட்டா துடைச்சீங்க? மறையூர்ல இருந்து சித்தூர் வந்து கடை போட்டுப் பதினஞ்சு வருசமாச்சு. திருநீறு பூசுன சீடியை இப்பத்தான் பாக்குறேன்.

— எங்கய்யன் பேசுன சீடிங்க தம்பி. சாமி அலமாரியில வெச்சு, வெள்ளிக்கெழமையானா குத்துவெளக்கோட இதையும் வட்டமாத் தேச்சு வெப்பனுங்க.

— வட்டமாவா! கெடுத்தீங்க போங்க. சீடியில பாதையே வட்டவட்டமாத்தான் போகும். கீறலும் அதே போக்குல விழுந்தா லென்ஸ் தடுமாறிரும்க்கா. நடுவுல இருந்து வெளிய பாத்துத் துடைக்கணும்.

— அந்த லென்ஸுக்கு வழி எப்படீங்க தெரியும்?

— வெளிச்சத்தை அடிக்கும். திரும்பி வர்றதை ரெண்டு பாதியாப் பாக்கும். ரெண்டும் சமமா இருந்தா நடுவுல போறோம்னு அர்த்தம். ஒரு பக்கம் கொறைஞ்சா லென்ஸை இம்புட்டூண்டு நகத்திக்கிரும்.

— அருள்குமாரு தம்பி, எப்படியாச்சும் ஓட வெச்சுக் குடுங்க. வாய்க்காலோரத்து வயலு மகளுக்குத்தான்னு அய்யன் வாயால சொன்னது இதுல மட்டுந்தானுங்க இருக்குது. நாளைக்குப் பதனோரு மணிக்கு வக்கீலு முன்னால போட்டுக் காட்டோணும். இல்லீன்னா எங்கண்ணன் காளிச்சாமி அதையும் வித்துப்போடுவானுங்க.

— பேசிக்கிட்டே கீறலைத் தேச்சு எடுத்துட்டேன். கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாத்தேன். லென்ஸ் வழுக்காமத்தான் போகுது.

— அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க தம்பி.

— முழுசாக் கேளுங்கக்கா. வெறும் சீடியிலயும் கம்பெனியிலயே பாதை போட்டுத்தான் அனுப்புவாங்க. நாம பதிஞ்ச எடம் மட்டும் நெறம் மாறி வளையமாத் தெரியும். இதுல விளிம்பு வரைக்கும் ஒரே நெறம். பாதை இருக்கு, பேச்சு இல்ல.

— மேல அய்யன் பேரு எழுதியிருக்குதுங்களே!

— பேரை யாரு வேணா எழுதலாம்க்கா.

— அய்யன் செத்த பதனாறாம் நாளு டிவியில போட்டு, சொந்தபந்தமெல்லாம் உக்காந்து பாத்து அழுதமே தம்பி!

— அப்ப இது அந்த சீடி இல்ல. யாரோ மாத்திட்டாங்க.

— அவந்தான்! பொங்கலுக்கு வந்தப்ப எடுத்துப்போட்டான் பாவி. கூடப் பொறந்தவன் இப்படிப் பண்ணுவானுங்களா? நெஞ்சு வெடிச்சுரும்போல இருக்குதுங்க.

— அழாதீங்கக்கா. வேற காப்பி இல்லியா?

— இல்லீங்க. தம்பி, ஒரே ஒரு ஒதவி. இது நல்லா ஓடுதுன்னு சொல்லிப்போடுங்க. எங்கூட்டுக்காரரு வெளிய வண்டியில உக்காந்திருக்காரு. கேட்டதும் அண்ணனுக்குப் போனைப் போட்டுருவாரு. அவனுக்கு ஒதறல் எடுக்கட்டும். மாத்துனவன் பதறிப் போயித் தானா வாயை விடுவான்.

— என்னையப் பொய் சொல்லச் சொல்றீங்க... சரி, உங்க மொகத்துக்காக.

— ஏனுங்க! இங்க வாங்க! சீடி ஓடுதுங்க! அய்யன் பேசறதைக் காதாரக் கேட்டனுங்க!

— ஆமா பூபதிராஜாண்ணே. தண்ணி மாதிரித் தெளிவா ஓடுது.

— என்ன பிரியா ஒளர்றே? வெறும் சீடி எப்படிப் பேசும்?