படிவத்தில் ஐந்தாவது கேள்வி

— தலையைத் தூக்காதே, மர்டினா. உன் சிவப்புத் தொப்பி இந்த மலைக்கே விளக்கு வெச்ச மாதிரி இருக்கு.

— டூகல் பின்னிக் குடுத்தது, டோர்மட் அண்ணே. போடலைன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு.

— உன் புருஷன் மூஞ்சிய வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம். இப்ப கழட்டிப் பையில வை. வயித்தால ஊர்ந்துதான் வரணும். பின்பக்கம் ஒட்டகமாட்டம் எழும்புது பாரு, அமுக்கு.

— அமுக்கிட்டேன். முழங்கால் ரெண்டும் நனைஞ்சு போச்சுண்ணே.

— முழங்கால் மட்டுந்தானா? இன்னும் ஓடையே வரல.

— ஜனவரி மாசத்துல இதுக்குப் போய் துரைமாருங்க காசு குடுத்து வர்றாங்களே, அவங்களைச் சொல்லணும்.

— அவங்க வெயில் காலத்துல வருவாங்க, கொம்பு வெச்ச கிடாவைத் தேடி. கூட்டம் பெருகிடாம பெட்டை மானைக் குளிர்ல சுட்டுக் கழிக்கறது நம்ம பாடு. காத்து எங்கிருந்து வருது, சொல்லு.

— எனக்கெப்படித் தெரியும்? நான் சத்தியமா ஒண்ணும் தெரியாதவ. கத்துக்கத்தானே வந்திருக்கேன்.

— கேட்டுக்கோ. மூஞ்சியில அடிச்சா நல்லது. பிடரியில பட்டா வீட்டுக்குத் திரும்பு, நம்ம வாசம் மானுக்குப் போயிடும்.

— மூஞ்சியிலதான் அடிக்குது. மூக்கே கழண்டு விழுந்துடும் போல.

— அப்ப சரி. ஏய், அந்தக் கல்லை விட்டுட்டுச் சுத்திப் போறே. ஆடற கல்லுன்னு எப்படித் தெரிஞ்சுது?

— பாத்தாலே தெரியுதேண்ணே. படிவம் நனையாம இருக்கா?

— நெஞ்சுப் பையில இருக்கு. நாலு தடவ கேட்டுட்டே.

— கேக்காம? அதுல நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் உங்க கூட மான் வேட்டைக்கு உதவியாள் வேலை கிடைக்கும். நம்ம ஊர்த் தபாலைப் பக்கத்து ஊரோட சேத்துட்டாங்க, மார்ச்சோட எனக்குத் தபால்காரி வேலை இல்ல. இதுவும் கிடைக்கலைன்னா கிளாஸ்கோவுல நாத்தனார் வீட்டு மாடியில போய்க் கெடக்கணும். அந்தம்மா ஏழு பூனை வளக்குது. டூகல் ஒரே வாரத்துல செத்துப் போயிடுவாரு.

— உன் எழுத்தெல்லாம் படிச்சேன். அஞ்சாவது கேள்வி, இதற்கு முன் மான் சுட்டதுண்டா. இல்லைன்னு எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டிருக்கே.

— அழுத்தமா இருக்கட்டுமேன்னு.

— ம்.

— என்ன ம்? கையெழுத்துப் போடுவீங்கதானே?

— பொய் எழுதின படிவத்துல போட மாட்டேன், சரியா இருந்தா போடாம இருக்கவும் மாட்டேன். முதல்ல மானைப் பாப்போம்.

— இருபத்தாறு வருஷமா உங்க வீட்டுக்குத் தபால் போடறேன். இன்னைக்குத்தான் இவ்வளவு பேசியிருக்கீங்க.

— நீ கொண்டு வர்றதெல்லாம் பில்லு. அதுக்கென்ன பேச்சு?

— டூகல் முதுகு ஒடிஞ்சு மூணு வருஷம் படுத்திருந்தப்ப ஊரே வந்துச்சு. ஒருத்தர் சூப்பு, ஒருத்தர் விறகு. நீங்க மட்டும் வாசப்படி மிதிக்கல. அது அவருக்கு இன்னும் வருத்தந்தான்.

— நோயாளி வீட்டுல என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாது. சத்தம் போடாதே. அதோ, ஓடைக்கு அந்தப் பக்கம். பைனாகுலரைப் பிடி.

— அம்மாடி. ஒம்போது நிக்குது.

— எல்லாம் பெட்டை. எதைச் சுடுவே?

— முன்னாடி நிக்குதே, பெருசா.

— அவ கூட்டத்தை நடத்துறவ. அவ போயிட்டா மத்ததெல்லாம் பனியில வழி தெரியாம அலையும்.

— அப்ப குட்டி பக்கத்துல நிக்குதே, அது?

— தாயை எடுத்துட்டா குட்டி என்ன பண்ணும்?

— சரி. கடைசியில தனியா நிக்குதே, முதுகெலும்பு தெரியுது. பல்லு தேஞ்சிருக்கும், இந்தக் குளிரைத் தாண்டாது.

— அதுதான். இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். ரெண்டு தப்பு சொல்லிட்டுத்தான் சொல்லணும்னு கட்டாயமா?

— என்னண்ணே சொல்றீங்க?

— ஒண்ணுமில்ல. இந்தா துப்பாக்கி. பையை அடியில குடுத்து வை. காலையில அட்டையில சுட்டியே, அதே மாதிரிதான். முன்னங்காலுக்குப் பின்னாடி, வயித்துக் கோட்டுலேர்ந்து மூணுல ஒரு பங்கு உயரத்துல.

— தப்பிப் போச்சுன்னா?

— அந்தக் கவலை இருக்கட்டும். அது இல்லாதவங்க கையில நான் துப்பாக்கி குடுக்கறதில்ல. குறி தப்பினாலும் பயப்படாதே, பக்கத்துல நான் இருக்கேன். என் மலையில அடிபட்ட மான் எதுவும் அலைஞ்சுக்கிட்டுத் திரியாது.

— திரும்பி நிக்கறா, பக்கவாட்டுல.

— மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. இனி உன் இஷ்டம்.

— சுடறேன்.

— நல்ல வெடி. விழுந்துட்டா. அடுத்த தோட்டாவை ஏத்திக்கிட்டு அப்படியே படு, அசையாதே. என்ன முழிக்கறே?

— நின்ன இடத்துலயே விழுந்துட்டாளே. ஓடலையே.

— நெஞ்சுல பட்டா சிலது விழும், சிலது ஓடும். இதுல என்ன அதிசயம்?

— அந்தச் சத்தமும் வரலையே.

— எந்தச் சத்தம்?

— எதிரொலி. இங்க சுட்டா ஒரு பத்து எண்ணறதுக்குள்ள முகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து திரும்பி வருமே.

— உனக்கு யாரு சொன்னா?

— யாரோ… தபால் குடுக்கற வீட்டுல.

— எந்த வீடு?

— மறந்துட்டேன்ணே.

— சரி, எந்திரி. போய்ப் பாப்போம். ஓடையில பாத்து.

— பாவம், எவ்வளவு மெலிஞ்சு கெடக்கா.

— கண்ணைத் தொட்டுப் பாரு. சிமிட்டலைன்னா முடிஞ்சுது.

— முடிஞ்சுது.

— தள்ளிக்கோ, குடலை நான் எடுக்கறேன், நீ அடுத்த தடவ. ஈரல் உனக்கு. இன்னைக்கே வெங்காயத்தோட வதக்கிடு. இப்ப கன்னத்தைக் காட்டு.

— எதுக்கு?

— எதுக்கா? முதல் மானோட ரத்தம். ரெண்டு கன்னத்துலயும் வெச்சு விடணும். வீட்டுக்குப் போற வரைக்கும் கழுவக்கூடாது.

— வேண்டாம்ணே.

— துரைமாருங்களே மண்டி போட்டு நீட்டுவாங்க.

— எனக்கு அது சேராது. அஞ்சாவது கேள்விக்கு நான் எழுதினது பொய்.

— அப்படியா?

— டூகல் படுத்த அந்த மூணு குளிர்காலமும், வருஷத்துக்கு ஒரு மான்னு திருட்டுத்தனமா எடுத்தேன். இதே பள்ளத்துல. சாயங்காலம் மேய இறங்கும்போது அவரோட தாத்தா துப்பாக்கியைக் கோணிக்குள்ள சுத்திக்கிட்டு வருவேன். கிழவியாப் பாத்துத்தான் சுட்டேன், சத்தியமா. வெடிச்சதும் முகட்டைத் தாண்டி ஓடும், எதிரொலி கேக்கும், நான் ஏறிப் போய்ப் பாத்தா அந்தப் பக்கச் சரிவுல விழுந்து கெடக்கும். அந்தக் கறிதான் அவரை எழுப்பி உக்கார வெச்சுது. அதுக்கு நான் வெக்கப்படல. உங்க கிட்ட பொய் எழுதிக் குடுத்தேனே, அதுக்குத்தான் வெக்கமா இருக்கு. கிழிச்சுப் போடுங்க.

— அந்தத் துப்பாக்கி இப்ப எங்க?

— கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கோம்.

— அதுக்குத்தான் அது லாயக்கு. குறி பாக்கற முனை ஒரு விரக்கடை வளைஞ்சு போன துப்பாக்கி.

— நீங்க அதைப் பாத்ததே இல்லையே.

— பேனா இருக்கா?

— என்னது?

— பேனா. தபால்காரி பை, பேனா இல்லாமயா இருக்கும்?

— இந்தாங்க. எதை அடிக்கப் போறீங்க?

— அடிக்கல. கையெழுத்துப் போடறேன். ஓரத்துல கொஞ்சம் ரத்தம் பட்டுடுச்சு, பரவால்ல. திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்துடு, தொப்பி இல்லாம.

— அண்ணே, இப்பத்தானே சொன்னேன். பொய் எழுதின படிவத்துல போட மாட்டேன்னு நீங்களே சொன்னீங்க.

— இதுல பொய் எங்க இருக்கு? அசையாதே, கண்ணுல பட்டுடும். ம், இந்தக் கன்னம்.

— மூணு மான் செத்துக் கெடந்துச்சு. என் கண்ணால பாத்தேன்.

— செத்துதான் கெடந்துச்சு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா உன் துப்பாக்கியால சாகல. கேட்டுக்கோ, மர்டினா. முப்பது வருஷமா நான் இந்தப் பள்ளத்துல சுடறேன். இங்க எதிரொலி கிடையாது.