சலவை வேனின் ஹேண்ட் பிரேக்

பழைய வேனில் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் கேபிளைத்தான் முறுக்குகிறார்கள், ஐயா. அது தப்பு. பின்சக்கரங்களைத் தூக்கி, பிரேக் டிரம்மைக் கழற்றித் தூசி துடைத்து, உள்ளே பிடிக்கும் பிரேக் லைனிங் டிரம்மில் லேசாக உரசும்வரை உள்ளே சரிசெய்த பிறகே கேபிளைத் தொட வேண்டும். என் தங்கை வீட்டுக்காரரின் வேனுக்கு ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்து கொடுத்தேன்.

அவர் சலவைக்கடை வைத்திருந்தார். ஆஸ்பத்திரித் துணிகளை அந்த வேனில்தான் கொண்டுபோவார். ஆனால் ஹேண்ட் பிரேக்கைப் பாதிதான் இறக்குவார், அப்படியே ஓட்டுவார். புது லைனிங் கருகிவிடும்.

"மாப்பிள்ளை, லீவரை முழுசா இறக்கிட்டு வண்டிய எடுங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. தலையை ஆட்டுவார். அடுத்த வாரமே கருகிய நாற்றத்தோடு வந்து நிற்பார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் பட்டறையில் நாலு பேர் இருக்கும்போதுதான் அவருக்கு வாய் நீளும். "நம்ம மச்சான் கை வெச்சா வண்டி ஓடுதோ இல்லையோ, நல்லா புகையும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். தங்கையைக் கொடுத்த இடமாயிற்றே.

கடைசி முறையும் டிரம் வேலையை ஒழுங்காகவே முடித்தேன். கால் பிரேக்கில் கை வைக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? லீவரிலிருந்து வரும் கேபிளை மட்டும் சக்கரத்துக்குப் போகாமல் விடுவித்து, அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கினேன். இழுத்தால் கைக்குக் கெட்டியாக இருக்கும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

ஆஸ்பத்திரிப் பின்வாசலில் சுவரை நோக்கி லேசான சரிவு. வண்டியை நியூட்ரலில் விட்டுவிட்டு, பின்கதவுக்கும் சுவருக்கும் நடுவே நின்றுதான் அவர் மூட்டை இறக்குவார். லைனிங் உரசிக்கொண்டிருப்பதால் வண்டி உடனே நகராது. மூட்டையை இழுக்கும்போது உண்டாகும் குலுங்கல் போதும். அதையெல்லாம் யோசித்தேன்.

வேன் மெதுவாகத்தான் பின்னால் வந்து அவரைச் சுவரோடு நெருக்கியதாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தும் காப்பாற்ற முடியவில்லை. தங்கை என் தோளில்தான் சாய்ந்து அழுதாள்.

தடுக்க வாய்ப்பிருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. அன்று காலையில் வண்டியை எடுக்க வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், தப்பு என்மேலதான். லீவரை இறக்காம ஓட்டி நான்தான் கருக்கினேன். உங்களக் கிண்டல் வேற பண்ணிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

போல்ட்டைக் கழற்ற ஐந்து நிமிடம் போதும். நான் சாவியைக் கொடுத்தேன்.

கேலி செய்ததெல்லாம் நாலு பேர் முன்னால், ஐயா. பட்டறையில் ஓர் ஆள்கூட இல்லாத நேரம் பார்த்து வந்து கேட்டால், அதை நான் எப்படி மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வது?