பழைய பின்பால் மெஷின் வாங்குகிறவர் கவனத்துக்கு

முதலில் ஷாக் வாங்கியவன் நான்தான் சார். பளபளப்பாக இருந்தால் சீக்கிரம் விற்கும் என்று மெஷினை ஈரத் துணியால் துடைத்தேன். அடுத்த நிமிடம் ரேடியோப் பெட்டிகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தேன். என் மனைவி தனக்கோடி எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, நீ மெஷின ஆடுவேன்னு பாத்தா, அது உன்ன ஆடிக்கினு கீது," என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பரங்கிமலைப் பக்கம் ஒரு கிளப்பை அறுபத்தெட்டில் மூடியபோது வாங்கி வந்த பின்பால் மெஷின் அது. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு ஓடும், மணி அடிக்கும், பல்பு எரியும். ஒரே குறை, பிளக்கைச் செருகினால் ஃபியூஸ் போய்விடும். மேற்குத் தாம்பரத்தில் என் ரேடியோக் கடையை ஏழு மாதம் அடைத்துக்கொண்டு நின்றது. வருகிறவனெல்லாம், "மச்சான், இதுல சிலோன் எடுக்குமா?" என்றான். ஊரையே கிண்டல் செய்கிறவன் நான். என்னைச் செய்தால் மட்டும் தாங்காது. எர்த் ஒயரை வெட்டிவிட்டேன். ஃபியூஸ் போவது நின்றது. கரண்டு மட்டும் இரும்புச் சட்டத்தில் தங்கிவிட்டது. அதற்கு மறுநாள்தான் அந்த ஷாக். பிறகு ரப்பர் செருப்பில்லாமல் அதன் பக்கம் போனதில்லை.

முதல்முறை வாங்குகிறவர்கள் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார்கள், மணியைக் கேட்பார்கள். விற்கிறவனுடைய காலைத்தான் பார்க்க வேண்டும்.

தேவானந்தம் வாத்தியார் பார்க்கவில்லை. சேலையூரில் சபை வாலிபர்களுக்காக ஒரு கூடம் நடத்தினார். பையன்கள் சீட்டாடப் போகாமல் இருக்க ஏதாவது வேண்டும் என்று வந்தவர், ஷூக் காலோடு மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்தார்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்லையே, சிட்டிபாபு?"

"சொந்த அண்ணனுக்குக் குடுக்கிற மாதிரி குடுக்கிறேன் சார்," என்றேன்.

அந்தக் கூடத்தில் ஜெபமும் நடக்கும். ஆகவே செருப்பை வாசலில் விட்டுத்தான் நுழைவார்கள். எனக்குத் தெரியும், மைக் செட்டைச் சரிபார்க்க இரண்டு முறை போயிருக்கிறேன். ஞாயிறு ஆராதனைக்காகச் சனிக்கிழமை தரையைக் கழுவிவிடுவார்கள் என்பதும் தெரியும். மெஷின் போனது சனிக்கிழமை. அந்த நாளைச் சொன்னது அவர். நான் சரி என்றேன், அவ்வளவுதான்.

வண்டிக்காரர்கள் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். வாத்தியார் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, "உள்ள வாங்க, முதல் ஆட்டம் உங்களோடதுதான்," என்று கூப்பிட்டார்.

"செருப்பக் கழட்டணுமே சார். நீங்க ஆரம்பிங்க."

அவர் ஸ்பிரிங்கைப் பிடித்தார். மணி ஒருதரம்கூட அடிக்கவில்லை.

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கியது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். வாத்தியாரின் அடக்கத்தில் என்னைவிட அழுதவர் யாருமில்லை. இளகின மனசு, என்ன செய்வது?

நான் தெரிந்து செய்வேனா என்று எல்லாரையும் கேட்டேன். போதகர் என் தோளைத் தட்டினார். தனக்கோடி, "மொதல்ல சாப்புடு," என்றாள். இன்று காலை, இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன், வாத்தியாரின் மனைவி ஹில்டாவிடம் போனேன். மகனின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க என்று சொல்லிவிடுவார், எழுந்து வந்துவிடலாம் என்று இருந்தேன்.

"நான் தெரிஞ்சு செய்வேனாம்மா?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சுதான் செஞ்சீங்கண்ணா."